எல்.கே.ஜி. அரசியல்: கேள்வி - பதில்

பள்ளிக்கூடம் திறந்தாலும் திறந்தார்கள், வருகிற தபாலில் பாதி 'என் பிள்ளையை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை' ரகம். மீதிப் பாதி 'என் பிள்ளை யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை' ரகம். இரண்டு தரப்புக்கும் இந்த வாரப் பக்கம் முழுவதையும் கொடுத்தாயிற்று. சினிமா, கிரிக்கெட், கூட்டணிக் கேள்விகள் எல்லாம் அடுத்த வாரம்.

தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா: போன வருடம் வரை பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடுதான் என் மகனுக்குச் சாப்பாடு, விளையாட்டு எல்லாம். எல்.கே.ஜி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே 'பொண்ணுங்களோட ஆட மாட்டேன்' என்கிறான். நாலு வயதுப் பையனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வயதை ஒட்டியே பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு கட்சியாகப் பிரிய ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் எலினார் மெக்கோபியும் கேரல் ஜாக்லினும் ஒரே பிள்ளைகளை இரு வேறு வயதுகளில் கவனித்து 1987-ல் எழுதிய கணக்கைப் பாருங்கள். நாலரை வயதில் ஒரு பிள்ளை, எதிர்க்கட்சியோடு விளையாடும் நேரத்தைப்போல 3 மடங்கு நேரம் தன் கட்சியோடு விளையாடுகிறது. ஆறரை வயதில் அதுவே 11 மடங்கு. பெரியவர்கள் தலையிடாத நேரத்தில்தான் இந்தப் பிரிவினை அதிகம். இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தைப் போய்ப் பாருங்கள், நடுவில் வேலி போட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் கட்சி கட்டுவதற்குக் கூட்டம் வேண்டும். தெருவில் சாயங்காலம் இருப்பதே நாலைந்து உருப்படி, அதிலும் ஆளுக்கொரு வயது. பள்ளியைவிட வீட்டுப் பக்கத்தில் பிள்ளைகள் கலந்து விளையாடுவதை, பள்ளி மைதானங்களில் வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்த சமூகவியலாளர் பேரி தோர்ன் எழுதியிருக்கிறார். எனவே ஆறு மணிக்கு அவளோடு மண்சோறு சமைப்பான், மறுநாள் காலை வகுப்பில் அவளைத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். நம் தலைவர்கள் செய்தால் ராஜதந்திரம் என்கிறோம், பிள்ளையை மட்டும் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்?

மதுரை வாசகர் ஒருவர்: முதலில் முறுக்கிக்கொண்டு விலகுவது யார், பையன்களா பெண்களா?

பெண்கள். கனடாவின் மாண்ட்ரியல் நகரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பார்த்தபோது, பெண் குழந்தைகள் ஏறக்குறைய இரண்டே கால் வயதிலேயே பெண்களைத் தேடிப் போனார்கள். பையன்களுக்கு அந்த ஞானம் வர மூன்று வயது ஆயிற்று. வந்த பிறகு பையன்கள் பிடித்த பிடியை விடவில்லை.

பெண்கள் முந்திக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜாக்லினும் மெக்கோபியும் 1978-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாத 33 மாதக் குழந்தைகள். உடையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. இரண்டிரண்டு பேராக ஓர் அறையில் விளையாட விட்டார்கள். பெண்ணோடு பெண் விளையாடினாள், பையனோடு பையன் விளையாடினான். பையனோடு விடப்பட்ட பெண் குழந்தை பல நேரம் ஓரமாக நின்று, அவன் பொம்மையோடு ஆடுவதை வேடிக்கை பார்த்தது. 'வேண்டாம், விடு' என்று ஒரு பெண் சொன்னால் இன்னொரு பெண் நிறுத்தினாள். ஒரு பையன் சொன்னால் இன்னொரு பையனும் நிறுத்தினான். பெண் சொன்னபோது மட்டும் அந்தப் பையனுக்குக் காது கேட்கவில்லை. சொன்னது காதில் ஏறாத இடத்தில் யார்தான் நிற்பார்கள்? மூன்று வயதுகூட நிரம்பாதவளுக்கு அந்த ரோஷம் இருக்கிறது.

திருச்சி இல்லத்தரசி ஒருவர்: நயமாகக் கேட்டால் என் கணவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதுவும் எல்.கே.ஜி.யிலேயே ஆரம்பிக்கிற வியாதியா?

மூன்றரை வயதில் ஆரம்பம். உளவியலாளர் லிசா செர்பின் குழுவினர் மூன்றரை முதல் ஐந்தரை வயது வரையிலான பிள்ளைகளைக் கவனித்தார்கள். வயது ஏற ஏறப் பெண் குழந்தைகளின் பேச்சில் 'கொஞ்சம் தாயேன்' வகை நயம் கூடியது. பையன்களிடம் 'குடுடா' கூடியது. அதே கால அளவில், நயமான கோரிக்கைக்குப் பையன்கள் செவிசாய்ப்பது குறைந்துகொண்டே போனது. உங்கள் கணவர் அந்த வகுப்பிலேயே தங்கிவிட்டார் போலிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு நர்சரி ஆசிரியை: பையன்கள் தள்ளுமுள்ளு செய்து சாதிக்கிறார்கள், பெண் குழந்தைகள் பேசியே சாதிக்கிறார்கள். நான் பார்ப்பது சரியா?

சரிதான், ஆனால் இரண்டாவது பாதியில் ஒரு நிபந்தனை உண்டு. வில்லியம் சார்ல்ஸ்வொர்த் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு குறும்பான பெட்டி செய்தார். அதில் கார்ட்டூன் படம் ஓடும். பார்ப்பதற்கு ஒரே ஒரு துளைதான். அதுவும் சும்மா தெரியாது. ஒரு பிள்ளை கைப்பிடியைச் சுற்ற வேண்டும், இன்னொரு பிள்ளை விளக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் மூன்றாவது பிள்ளைக்குப் படம் தெரியும். நாலாவதற்கு வேலையும் இல்லை, படமும் இல்லை. நாலு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நம் ஊர் ரேஷன் கடை வரிசையைச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரிதான்.

பையன்கள் நாலு பேர் என்றால் தோளால் இடிப்பது, இழுப்பது, தள்ளுவது. பெண்கள் நாலு பேர் என்றால் பேச்சு, கட்டளை, பேரம். இரண்டு அறையிலும் யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர்களைச் சுற்ற வைத்துவிட்டுத் தன் பங்குக்கு மேலேயே படம் பார்த்தது. பெண் குழந்தைகள் எல்லாம் பகிர்ந்து உண்ணும் காக்கைகள் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

நிபந்தனைக்கு வருகிறேன். இதே மாதிரி ஒரு படப்பெட்டி முன்னால் பையனும் பெண்ணும் சேர்ந்து இருந்தபோது, கிம்பர்லி பவ்லிஷ்டா என்பவரின் சோதனையில், பையன்களே அதிக நேரம் பார்த்தார்கள். பெண்களின் பேச்சுத் திறமை அங்கே செல்லுபடியாகவில்லை. ஆனால் ஒரு பெரியவர் சும்மா அறையில் இருந்தால் போதும், இரண்டு பேருக்கும் சமமான பங்கு கிடைத்தது. அவர் பஞ்சாயத்து செய்யவில்லை. இருந்தார், அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொன்று புரியும். 'பெண் குழந்தைகள் எப்பப் பார்த்தாலும் மிஸ் புடவையைப் பிடிச்சுட்டு நிக்குதுங்க' என்று ஆசிரியைகள் சலித்துக்கொள்வதுண்டு. பையன்களும் இருக்கிற அறையில்தான் அவர்கள் பெரியவர் பக்கத்தில் நின்று விளையாடுகிறார்கள். பெண்கள் மட்டுமே இருக்கும் குழுவில், பையன்கள் குழுவைவிடவும் பெரியவரை விட்டுத் தள்ளிப் போய் விளையாடினார்கள் என்று கண்டிருக்கிறார்கள். எனவே புடவையைப் பிடிப்பது பயந்த சுபாவத்தால் என்று எழுதிவிடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் கடை போடுகிற புத்தி அது. அடுத்த முறை சறுக்குமரத்தில் தகராறு என்றால் விசில் ஊத வேண்டாம், பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் ஆண், பெண் எல்லாக் குழந்தையும் ஒன்றாகத்தான் ஆடின. இந்தப் பேதமெல்லாம் கான்வென்ட் வந்த பிறகு வந்த கோளாறு.

கண்ணாமூச்சி ஒன்றாக ஆடியிருப்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். பல்லாங்குழியில் உங்கள் அண்ணன் எத்தனை நாள் வந்து உட்கார்ந்தார்? கோலி குண்டை எத்தனை நாள் உங்கள் கையில் கொடுத்தார்?

கான்வென்டுக்கு ரொம்ப முந்தியே நம் புலவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். காப்பில் தொடங்கி அம்புலி வரை முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. பெண்ணுக்கு நீராடல், அம்மானை, ஊசல். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது அவள் ஊஞ்சலாடுகிறாள், அவன் பறை கொட்டுகிறான். சிற்றில் பருவம் என்பதே, பெண் குழந்தைகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்காதே என்று அந்தப் பையனிடம் கெஞ்சுவதுதான். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்கக் கண்ணனிடம் இதையே கேட்கிறாள். கலித்தொகையின் 51-ஆம் பாட்டில் கபிலர் போட்டிருக்கும் குற்றப்பத்திரிகை இன்னும் விவரமானது. மணல் வீட்டை உதைத்தான், தலையில் சூடிய மாலையை அறுத்தான், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். இன்றைக்கு எந்த ப்ளே ஸ்கூல் டயரியைத் திறந்தாலும் அதே மூன்று பிரிவுகளில் புகார் இருக்கும். மாலைக்குப் பதில் ஹேர் பேண்ட்.

கோவை வாசகர்: இதெல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை, நாம் என்ன செய்ய முடியும்?

கொஞ்சம் ஹார்மோன் உண்டு. கருவிலேயே ஆண் ஹார்மோன் வழக்கத்துக்கு மேல் சுரக்கும் ஒரு பிறவிக் கோளாறோடு பிறக்கும் பெண் குழந்தைகள், மற்றப் பெண்களைவிடக் கார், லாரி பொம்மைகளை அதிகம் தேடுகிறார்கள். இது பல இடங்களில் பார்த்த விஷயம். ஆனால் அதை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ள முடியாது. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-ல் ஆண்-பெண் வேறுபாடு குறித்த 46 பெரும் தொகுப்பாய்வுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அவற்றில் சொல்லப்பட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் சின்னது, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கது. கைகலப்பில் பையன்கள் முன்னால் நிற்பது மீதியில் சேர்த்தி. அதிலும்கூட எல்லாப் பையன்களையும் எல்லாப் பெண்களையும் சராசரி எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் வீட்டில் இருப்பது சராசரி கிடையாது, ஒரு பிள்ளை.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: பெண் குழந்தைகள் சண்டையே போட மாட்டார்கள் என்கிறாரே என் நண்பர்?

அவருக்கு ஒரே பையன்தானே?

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: 'நீ அவகூடப் பேசினா உன்னை என் பர்த்டேக்குக் கூப்பிட மாட்டேன்' என்று என் மகளிடம் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு விஷமா?

விஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆயுதம் என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்க இதே ஆயுதம்தான். அடிக்காமல், கிள்ளாமல், உறவை வைத்தே அடுத்தவரை நோகடிக்கும் இந்த முறையைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் நிக்கி கிரிக். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக 1997-ல் அவர் குழு தயாரித்த கேள்விப் பட்டியலிலேயே, 'சொன்னதைக் கேட்காவிட்டால் பிறந்தநாளுக்குக் கூப்பிட மாட்டேன்' என்று மிரட்டுவது ஒரு தனி வரியாக இருக்கிறது. ஈரோட்டுக் குழந்தை அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

நம் பிள்ளைகளின் கிடங்கில் வேறு சரக்கும் இருக்கிறது. 'காய்' விடுவது, மறுநாள் 'பழம்' விடுவது, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஆளைத் தூது அனுப்புவது. கவனித்துப் பார்த்தால், காய் விட்ட ஐந்தாவது நிமிடம் இரண்டு பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது பெண்களின் தனிச்சொத்து என்று கொஞ்ச காலம் பேசினார்கள். 2008-ல் நோயல் கார்டும் அவர் கூட்டாளிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மறைமுகத் தாக்குதலில் ஆண்-பெண் வித்தியாசம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது. நேரடி அடிதடியில்தான் பையன்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள். ஆக, பையன்கள் இரண்டும் செய்கிறார்கள், பெண்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெயர் மட்டும் பெண்களுக்குக் கெட்டுப்போயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அடிபட்டு வந்த பிள்ளைக்கு மருந்து போடுவோம் அல்லவா, அதே அக்கறையோடு இதையும் காது கொடுத்துக் கேளுங்கள். 'போனாப் போறா, விடு' என்று சொல்லிவிட்டு சீரியல் பக்கம் திரும்பிவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து ஓர் அப்பா: என் மூன்று வயது மகன் சொப்புச் சாமான் வைத்துச் சமைக்கிறான். என் அப்பா 'பொட்டச்சி மாதிரி என்னடா இது' என்று பிடுங்கிப் போடுகிறார். நான் யார் பக்கம்?

சமைக்கிறவன் பக்கம். கல்யாணச் சமையலில் நூறு லிட்டர் அண்டாவைக் கிண்டுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். சம்பளம் வாங்கிச் சமைத்தால் ஆண்மை, சும்மா சமைத்தால் அவமானம் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

ஆனால் வெளியில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெவர்லி ஃபேகோட் 1977-ல் பாலர் பள்ளிகளில் கவனித்தது இது. லாரி ஓட்டிய பெண்ணை யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பொம்மைக்குச் சோறூட்டிய பையனைச் சக பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள், தனியாக விட்டார்கள். வீட்டிலோ, பிள்ளை பெண் சாமான் வைத்து விளையாடுவதைத் தாங்க முடியாதவர்களில் முதல் ஆள் அப்பா என்று லாங்லாய்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் 1980-ல் எழுதினார்கள். உங்கள் வீட்டில் அந்த வேலையைத் தாத்தா எடுத்துக்கொண்டார். நீங்கள் கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள், ஒரு தலைமுறை தேறியிருக்கிறது.

சமையலால் பையன் கெட்டுப்போவானா என்பதற்கும் ஒரு பதில் உண்டு. கென்யாவின் லுவோ மக்களிடம் வேலைகள் பெண்ணுக்கு இது, ஆணுக்கு இது என்று பிரிக்கப்பட்டிருந்தன. வீட்டில் தோதான வயதில் பெண் பிள்ளை இல்லாவிட்டால் மட்டும், தண்ணீர் எடுப்பதும் அடுப்படியும் கைக்குழந்தையும் ஒரு பையன் தலையில் விழும். மானிடவியலாளர் கேரல் எம்பர் இந்தப் பையன்களையும் மற்றப் பையன்களையும் ஒப்பிட்டு 1973-ல் எழுதினார். வீட்டு வேலை செய்த பையன்களிடம், முக்கியமாக வீட்டுக்குள்ளேயே வேலை செய்தவர்களிடம், முரட்டுத்தனமும் அதிகாரம் செய்யும் குணமும் குறைவாக இருந்தன. அந்தப் பையன்கள் அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை, பிறந்த வரிசை அப்படி அமைந்தது. அதனால்தான் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம். தாத்தாவை உட்கார வைத்து இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். பிறகு பேரன் வைத்த மண் சாம்பாரை அவருக்கே பரிமாறச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாசகி: என் பையன் பிறவியிலேயே கோபக்காரன். கைக்குழந்தையாக இருக்கும்போதே அழுகையில் அப்படி ஒரு ஆத்திரம்.

1976-ல் ஜான் கான்ட்ரியும் சாண்ட்ரா கான்ட்ரியும் 200-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்று. எதிரில் பெட்டி திறந்ததும் ஸ்பிரிங்கில் துள்ளி எழும் பொம்மை. குழந்தை வீறிட்டு அழுகிறது. பாதிப் பேரிடம் 'பையன்' என்றார்கள், பாதிப் பேரிடம் 'பெண்' என்றார்கள். பையன் என்று கேட்டவர்களுக்கு அந்த அழுகையில் கோபம் தெரிந்தது. பெண் என்று கேட்டவர்களுக்கு பயம் தெரிந்தது. குழந்தை ஒன்றேதான், அழுகையும் ஒன்றேதான். உங்கள் மகனின் பழைய வீடியோ இருந்தால் ஒருமுறை பெண் குழந்தை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: பிடிக்காத பரிசைக் கொடுத்தாலும் பெண் குழந்தைகள் சிரித்துக்கொண்டே வாங்குகின்றன. பையன் முகத்திலேயே தூக்கி எறிகிறான். இது நல்ல வளர்ப்பா?

உளவியலாளர் பமீலா கோல் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளிடம் சில பரிசுகளைக் காட்டி, எது பிடிக்கும், எது பிடிக்காது என்று வரிசைப்படுத்தச் சொன்னார். பிறகு கடைசி இடம் பெற்றதை எடுத்துக் கொடுத்தார். பெண் குழந்தைகள், கொடுத்தவர் எதிரில் இருக்கும்வரை சிரித்தார்கள். அவர் போனதும் சிரிப்பும் போய்விட்டது. நாலு வயதுக்குள் இவ்வளவு நாசூக்கு. இதை 'நல்ல பொண்ணு' என்று மெச்சுகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்பதில்லை. பையனிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவன் எறிந்த பொம்மை உங்கள் காலடியில் கிடக்கிறது. என் கட்சி: அவனுக்குக் கொஞ்சம் அடக்கமும் அவளுக்குக் கொஞ்சம் 'எனக்கு இது வேண்டாம்' என்பதும் சொல்லிக்கொடுக்கலாம்.

சென்னை அடுக்ககவாசி: கீழே விளையாட்டு இடத்தில் பையன்கள் கட்டிப் புரள்கிறார்கள். விளையாட்டா, சண்டையா? எப்போது இறங்கிப் போய் விலக்க வேண்டும்?

பால்கனியிலிருந்தே முகத்தைப் பாருங்கள். வாய் பிளந்து சிரிப்பு, விரல் மடக்காத கை, கொஞ்ச நேரம் இவன் மேலே, கொஞ்ச நேரம் அவன் மேலே, முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார்கள் என்றால் டீயைக் குடித்து முடியுங்கள். புருவம் நெரிந்து, கை முஷ்டியாகி, ஒருவனே கீழே கிடந்து, எழுந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனால் இறங்கிப் போங்கள். அந்தோனி பெலகிரினி பள்ளி மைதானங்களில் கண்டது இன்னும் நுட்பமானது. எல்லோருக்கும் பிடித்த பையன்களிடம் இந்தக் கட்டிப்புரளல் அடுத்து ஒரு விதிமுறை ஆட்டமாக மாறியது. யாருக்கும் பிடிக்காத பையன்களிடம் அதுவே நிஜச் சண்டையில் போய் முடிந்தது. கட்டிப்புரள்வதை நிறுத்தினால் இரண்டாவது பையனுக்கு வைத்தியம் ஆகிவிடாது.

தஞ்சாவூர் அம்மா: என் மகளுக்கு 'பெஸ்ட் ஃப்ரெண்ட்' என்று யாருமே இல்லை. அவளை யாருக்கும் பிடிக்கவில்லையோ?

பிடிக்கவில்லை என்பது வேறு, கண்ணில் படவில்லை என்பது வேறு. 'உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது' என்று வகுப்பு முழுக்கக் கேட்டு, கோய், டாட்ஜ், கோப்பொடெலி மூவரும் 1982-ல் பிள்ளைகளை ஐந்தாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் பிடித்தவர், ஒதுக்கப்பட்டவர், பெயரே அடிபடாதவர், பாதிப் பேருக்குப் பிடித்து மீதிப் பேருக்குப் பிடிக்காதவர், சராசரி. நாலாவது வகையினர் பிற்காலத்தில் எங்கே போகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெயரே அடிபடாத பிள்ளைக்கு வகுப்பு மாறினால் பெரும்பாலும் நிலைமை மாறிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளையை அந்தப் பெயர் புது இடத்துக்கும் துரத்திக்கொண்டு வருகிறது. கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

இன்னொன்று, வகுப்பில் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்று பார்த்தீர்களா? இந்த வயதில் பெண்கள் பெண்களுக்கும் பையன்கள் பையன்களுக்குமே மதிப்பெண் அள்ளிக் கொடுப்பார்கள். இருபது பையன்களுக்கு நடுவில் நாலு பெண்கள் என்றால், அவள் தேர்தலில் நிற்கும் தொகுதியில் மொத்த ஓட்டே மூன்று. ஒரே ஒரு சிநேகிதி அகப்பட்டால் போதும். தயவுசெய்து நீங்களாக 'உனக்கு யாரைப் பிடிக்காது' என்று வீட்டில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: பிள்ளை வளர்ப்பில் எது சுலபம், ஆணா பெண்ணா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை.

வேலூரிலிருந்து ஓர் அப்பா: 'ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க' என்று மகன் தினமும் அழுகிறான். நான் போய்ச் சொல்லிச் சேர்த்துவிடலாமா?

ஒருமுறை சேர்த்துவிடலாம். நீங்கள் முதுகைத் திருப்பியதும் கழற்றிவிடுவார்கள்.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. பாலர் பள்ளிகளில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பிள்ளையாகக் கவனித்த வில்லியம் கோர்சாரோ, நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் நுழையப் பார்க்கும் முயற்சிகளில் ஏறக்குறைய பாதி முதல் தடவை மறுக்கப்படுகிறது என்கிறார். எல்லோருக்கும் பிடித்த பிள்ளைக்கும் இதுதான் கதி. காரணம் கெட்ட எண்ணம் கிடையாது. மூன்று பேர் சேர்ந்து 'இது பஸ், நீ கண்டக்டர்' என்று ஒரு உலகத்தைக் கஷ்டப்பட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாலாவது ஆள் வந்து 'இது பஸ் இல்ல, ஏரோப்ளேன்' என்றால் எல்லாம் சரிந்துவிடும்.

உங்கள் மகன் எப்படி நுழைகிறான் என்று ஒருநாள் மறைந்து நின்று பாருங்கள். மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் இருவரும் 1981-ல் கண்டது இது. பலருக்கும் பிடித்த பிள்ளைகள் முதலில் ஓரமாக நின்று என்ன ஆட்டம் என்று பார்க்கிறார்கள், பிறகு அதையே தாங்களும் செய்கிறார்கள். மற்றப் பிள்ளைகளோ, வந்ததுமே 'எங்கிட்ட இதைவிடப் பெரிய கார் இருக்கு' என்று சொந்தக் கதை பேசுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், 'இப்படி ஆடக் கூடாது' என்று சட்டம் சொல்கிறார்கள். 'பஸ் கிளம்பிடுச்சா? ஒரு டிக்கெட் குடுங்க' என்று நாலணா நீட்டுகிற பிள்ளையைக் கண்டக்டர் ஏன் இறக்கிவிடப் போகிறான்? இதை வீட்டில் நீங்களும் மனைவியும் பஸ் ஆட்டம் ஆடி ஒத்திகை பார்க்கலாம்.

நம் தெருக்களில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு, 'ஒப்புக்குச் சப்பாணி'. குட்டித் தம்பியை அழ விடாமல் ஆட்டத்தில் சேர்ப்பார்கள். ஓடலாம், ஒளியலாம், அவுட் மட்டும் கிடையாது. பெயர் இன்றைக்குக் காதுக்கு உறுத்தும், மாற்றிக்கொள்ளலாம். ஏற்பாடு அருமையானது, எந்தப் பெரியவரும் போட்ட சட்டம் இல்லை அது. சிகாகோவில் விவியன் பேலி என்ற மழலையர் பள்ளி ஆசிரியை வேறு வழி போனார். 'உன்னைச் சேர்த்துக்க மாட்டேன்' என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வகுப்புக்கே விதி போட்டார். போடும் முன் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க் கருத்துக் கேட்டார். 'நியாயம்தான், ஆனால் நடக்காது' என்கிற ரீதியில்தான் பலர் பேசினார்கள். சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் நினைத்ததைவிட லேசாக அந்த விதியைப் பழகிக்கொண்டார்கள். அவர் இதை எழுதிய புத்தகம் 1992-ல் வந்தது. ஆசிரியைகள் தேடிப் படிக்கலாம்.

திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆசிரியை: 'பாய்ஸ் ஒரு லைன், கேர்ள்ஸ் ஒரு லைன்' என்றால்தான் வகுப்பு அடங்குகிறது. இதில் என்ன கெட்டுப்போகிறது சார்?

இரண்டு வாரம் போதும், கெட்டுப்போக. லேசி ஹில்லியர்ட், லின் லிபென் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பாலர் வகுப்புகள் சிலவற்றில் ஆசிரியைகளிடம் இதைத்தான் செய்யச் சொன்னார்கள். வரிசை தனித்தனி, அறிவிப்புப் பலகை தனித்தனி, அழைக்கும்போது 'பாய்ஸ்', 'கேர்ள்ஸ்'. யாரையும் உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை, போட்டி வைக்கவில்லை. இரண்டே வாரத்தில் பிள்ளைகளிடம் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' என்ற எண்ணம் கூடியது. எதிர்ப்பாலாரோடு விளையாடுவது குறைந்தது. அப்படிச் செய்யாத வகுப்புகளில் இந்த மாற்றம் இல்லை. எதிர்த் திசையிலும் பார்த்திருக்கிறார்கள். ஆண்-பெண் என்று பிரித்துப் பேசாத ஸ்வீடன் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் எதிரில் இருப்பது பையனா பெண்ணா என்று மற்றப் பிள்ளைகளைப் போலவே கவனித்தார்கள். முன்பின் தெரியாத எதிர்ப்பால் பிள்ளையோடு விளையாடுவதில் மட்டும் அவர்களுக்கு ஆர்வம் அதிகமாக இருந்தது. 2017-ல் வந்த ஆய்வு இது.

நாம் இதில் இன்னும் ஒரு படி மேலே. சேட்டை செய்கிற பையனுக்குத் தண்டனையாக, 'போ, பொண்ணுங்க நடுவுல உட்காரு' என்கிறோம். வகுப்பே சிரிக்கிறது, அவன் தலை குனிகிறான். பெண் பக்கத்தில் உட்காருவது அவமானம் என்று அந்த ஒரு வாக்கியத்தில் முப்பது பிள்ளைகளும் கற்றுக்கொள்கின்றன. அந்த நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

பிள்ளைகள் தாங்களாகப் பிரிந்து விளையாடட்டும், அது அவர்கள் உரிமை. அதற்கு நாம் கயிறு கட்டிக் கொடுக்க வேண்டாம். திங்கட்கிழமை முதல் லைனை உயரப்படியோ, பெயரின் முதல் எழுத்துப்படியோ நிறுத்துங்கள் மிஸ். அந்தத் தண்டனையை இன்றைக்கே நிறுத்துங்கள்.